வளரும் பிள்ளையின் உடலைப் பற்றி யாரிடம் பேசலாம்? முதலில் பிள்ளையையே கேளுங்கள்

பத்தரை வயது மகளும் பதின்மூன்று வயது மகனும் உள்ள ஒரு தாயின் கேள்வி இது. மகளுக்கு மார்பில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் கட்டி போல வந்து வலிக்கிறது. அதைக் கவனித்த மாமியார், "அடுத்த வருடத்துக்குள் நம் வீட்டில் விசேஷம்" என்று ஊரில் இருக்கும் உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து சொல்லிவிட்டார். அன்று முதல் மகள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகன் குளியலறைக்குள் போனால் வெகு நேரம் வெளியே வருவதில்லை. அப்பா கதவைத் தட்டித் திட்டுகிறார். இரண்டே அறைகள் கொண்ட வீடு. இருவரிடமும் எப்போது, எதை, எவ்வளவு பேசுவது?

குழந்தைகள் நல மருத்துவராக இதே கேள்வியைப் பல விதங்களில் கேட்டு வருகிறேன். முதலில் அந்தக் கட்டியைப் பற்றி. பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பெரும்பாலோருக்கு அதன் முதல் அடையாளமே முலைக்காம்புக்கு அடியில் தோன்றும் இந்தச் சின்னக் கட்டிதான். ஒரு பக்கம் முந்திக்கொள்வதும் மறுபக்கம் சில மாதங்கள் கழித்து வருவதும் இயல்பு. சட்டை உரசினால்கூட வலிக்கும். அழுத்திப் பார்க்க வேண்டாம், எண்ணெய் தேய்த்துக் கரைக்க முயல வேண்டாம். இறுக்காத பருத்தி உள்ளாடை போதும். முதல் மாதவிடாய் பொதுவாக இதற்குப் பின் இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்தே வரும். ஆகவே உங்கள் மாமியார் சொன்ன கணக்கு தவறிப்போகவே வாய்ப்பு அதிகம். உங்களுக்குப் பேச நிறைய நேரம் இருக்கிறது.

உங்கள் மகளைக் குன்றச் செய்தது அந்த போன் அழைப்பு. பாட்டி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை, மகிழ்ச்சியோடுதான் சொன்னார். ஆனால் தன் சட்டைக்குள் இருக்கும் ஒன்று, தனக்கே இன்னும் பிடிபடாத ஒன்று, தன்னைக் கேட்காமல் ஊர்ப் பேச்சாகிவிட்டது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையால் தாங்க முடியவில்லை. அவமானப்படுத்துவது என்றால் திட்டுவது, அடிப்பது என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, பிள்ளைகளை அதிகம் புண்படுத்துவது தங்கள் உடல் பற்றிய செய்தி கைமாறிப் போவதுதான். அத்தையிடம், எதிர்வீட்டு அக்காவிடம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில், சில சமயம் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே. எனவே வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள்: பிள்ளையின் உடலைப் பற்றி மூன்றாவது ஆளிடம் சொல்வதற்கு முன் பிள்ளையைக் கேளுங்கள். "இதை அப்பாவிடம் நான் சொல்லட்டுமா, நீயே சொல்கிறாயா, இப்போதைக்கு வேண்டாமா?" என்று கேட்டால் போதும். எங்கள் வீட்டில் என் உடல் என்னுடையது என்பதைப் பிள்ளை அந்தக் கேள்வியிலிருந்தே கற்றுக்கொள்ளும்.

நடந்ததைச் சரிசெய்ய முடியும். மகளிடம் தனியாக, "பாட்டி சொன்னது உனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. உன்னைக் கேட்காமல் சொல்லியிருக்கக் கூடாது. இனி அப்படி நடக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம், போகட்டும், காதில் விழுந்திருக்கும். மாமியாரிடமும் பேசத்தான் வேண்டும், மகள் இல்லாத நேரத்தில். "அத்தை, சந்தோஷத்தில்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை கூனிக் குறுகிப் போகிறாள். இனிமேல் அவளைப் பற்றி யாரிடம் சொல்வதாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் அவளைக் கேட்டுச் சொல்கிறேன்." பெரியவர்களை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. உங்கள் மாமியாருக்கு இது நேர்ந்தபோது எத்தனை வயது, அப்போது யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பலரும் ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது, செத்துப்போகப் போகிறோம் என்று அழுதவர்கள். பேத்தியிடம் அவர் அதைச் சொன்னால் அது எந்த மருத்துவர் சொல்வதையும்விட நன்றாக மனதில் இறங்கும்.

எப்போது பேசுவது என்றால், நடப்பதற்கு முன். பெண் பிள்ளைகளுக்கு எட்டு, ஒன்பது வயதில். ஆண் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயதில். ஒரு நாள் குறித்து, எதிரில் உட்கார வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு நடத்தும் ஒரே பெரிய உரையாடலால் பயனில்லை. பிள்ளைக்கு அது விசாரணையாகத்தான் தெரியும். ஐந்து நிமிடம், பல முறை, கை வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது. தலை பின்னும்போது, துணி மடிக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார வைத்துப் போகும்போது. முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில்தான் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். கடையில் நாப்கின் வாங்கும்போது, "இது எதற்கென்று தெரியுமா?" என்று கேளுங்கள். அதைக் கறுப்புப் பையில் போட்டுச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சுற்ற வேண்டாம் என்று கடைக்காரரிடம் நீங்கள் இயல்பாகச் சொல்வதை மகனும் மகளும் பார்க்கட்டும்.

உடல் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லிப் பேசுங்கள். மார்பு, பிறப்புறுப்பு, ஆண்குறி, விதைப்பை, கருப்பை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும் சொற்கள்தான். வீட்டில் செல்லப் பெயர் வைத்திருந்தால் இருக்கட்டும். கூடவே சரியான பெயரும் தெரிந்திருக்க வேண்டும். வலித்தாலும், யாராவது தவறாகத் தொட்டாலும், எங்கே என்று தயங்காமல் சொல்ல அது உதவும்.

மாதவிடாயைப் பற்றி மகளிடம் இவ்வளவு சொன்னால் போதும்: "வயிற்றுக்குள் கருப்பை என்று ஒரு பை இருக்கிறது. குழந்தை தங்குவதற்காக மாதாமாதம் அதன் உட்பக்கம் ஒரு மெத்தை போல உருவாகும். குழந்தை இல்லாதபோது அந்த மெத்தை கரைந்து ரத்தத்தோடு சேர்ந்து வெளியே வரும். அடிபட்டு வரும் ரத்தம் இல்லை, அழுக்கும் இல்லை. சில நாட்கள் இருக்கும், பிறகு நின்றுவிடும்." முதல் நாள் சிவப்பாக இல்லாமல் பழுப்பு நிறக் கறையாகவே தோன்றலாம் என்பதையும் சொல்லுங்கள், பல பிள்ளைகள் அதை வேறு ஏதோ என்று நினைத்துப் பயந்து உள்ளாடையை ஒளித்து வைக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்காக இருக்காது. 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். வயதுக்கு வந்தால் வளர்த்தி நின்றுவிடும் என்று வீட்டில் புலம்பாதீர்கள். வேகமாக உயரும் கட்டம் அதற்குள் முடிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் சராசரியாக 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை வளர்கிறார்கள்.

பள்ளிப் பையில் ஒரு சின்னப் பையைப் போட்டு வையுங்கள்: இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, பழைய தாள், ஒரு பிளாஸ்டிக் உறை. நாப்கினைப் பிரித்து எப்படி ஒட்டுவது, எப்படிச் சுற்றிக் குப்பையில் போடுவது என்று ஒருமுறை வீட்டிலேயே செய்து காட்டுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணி பயன்படுத்தும் வீடுகளும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் துவைத்த துணியை யார் கண்ணிலும் படக் கூடாதென்று கட்டிலுக்கு அடியிலும் பாவாடைக்குள்ளும் ஈரத்தோடு காயப்போடுவதுதான் அரிப்பையும் தொற்றையும் கொண்டுவருகிறது. வெயிலில் காய வேண்டும். கொடியில் எல்லோர் துணியும் காயும்போது அதுவும் காயட்டும். தமிழ்நாட்டில் 2011இல் அறிவிக்கப்பட்ட 'புதுயுகம்' திட்டத்தில் கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்கத் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கேளுங்கள்.

அப்பா என்ன செய்வது? "இது பெண்கள் விஷயம்" என்று அவர் நழுவினால் மகள் அதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறாள். மகள் வயதுக்கு வந்த அன்றே தோளில் கை போடுவதை, தலையைக் கோதுவதை, பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பதை அப்பாக்கள் நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் மரியாதை என்று நினைத்துச் செய்வது அது. பிள்ளைக்கோ, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போலவும் அப்பா தன்னைப் பார்த்து அருவருப்பது போலவும் தோன்றுகிறது. என்னிடம் வரும் பெண் பிள்ளைகள் வலியைவிட இதைச் சொல்லித்தான் அழுகிறார்கள். தொடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவளே விலகுவாள், அப்போது விட்டுவிடலாம். அப்பா தானாக விலகக் கூடாது. நாப்கின் தீர்ந்துவிட்டால் வாங்கி வருவதும், "வயிறு வலிக்கிறதா, வெந்நீர் ஒத்தடம் வேண்டுமா?" என்று கேட்பதும் அவருடைய வேலையும்தான்.

சடங்கைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மாமியார் மனதில் அது இருக்கிறது. மஞ்சள் நீராட்டு விழா என்று தமிழ்நாட்டிலும், சாமத்தியச் சடங்கு என்று இலங்கையிலும் நடப்பதில் அழகான பக்கங்கள் இருக்கின்றன. தாய்மாமன் சீர், புதுப் பாவாடை, உளுந்தங்களி, நல்லெண்ணெய், எல்லோரும் கூடி அவளை உட்கார வைத்துச் சாப்பிட வைப்பது. மகள் ஆசைப்பட்டால் வீட்டளவில் செய்யுங்கள். அவள் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும். செய்த மொய்யைத் திரும்ப வாங்குவதற்காகப் பிள்ளையை மேடையில் உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தெருமுனையில் அவள் படம் போட்ட பிளக்ஸ் பலகையைப் பார்த்துவிட்டு வகுப்புப் பையன்கள் திங்கட்கிழமை என்ன பேசுவார்கள் என்று யோசியுங்கள். அழைப்பிதழை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் அதே போலத்தான்.

ஒதுக்கி வைப்பது மட்டும் எந்த வடிவத்திலும் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த இரவில், முதல் மாதவிடாய் என்பதால் தனிக் குடிசையில் படுக்க வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில், தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில், மாதவிடாயில் இருந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்து தேர்வு எழுத வைக்கப்பட்டாள். பள்ளி முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தனித் தட்டு, தனிப் பாய், திண்ணையோரம் என்று வீட்டில் செய்வதெல்லாம் சிறியதாகத் தோன்றலாம். பிள்ளைக்கு அது சிறியதில்லை. தம்பி, "அக்கா ஏன் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறாள்?" என்று கேட்கும்போது வீட்டில் யாரும் பதில் சொல்லாமல் இருப்பதைத்தான் அவள் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி மகன். ஆண் பிள்ளைகளிடம் நம் வீடுகளில் யாருமே பேசுவதில்லை, அதனால் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு மாற்றம் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் தொடங்கும். முதலில் விதைகள் பெரிதாகும். வெளியே யாருக்கும் தெரியாது. பிறகு முடி, பரு, வியர்வை நாற்றம், மகரக்கட்டு உடைந்து குரல் மாறுவது. ஏறத்தாழப் பாதிப் பையன்களுக்கு நடுவில் மார்பு சற்றுப் பெருக்கும், வலிக்கவும் செய்யும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாக அடங்கிவிடும். இது தெரியாமல், நண்பர்கள் கேலிக்குப் பயந்து, நீச்சலுக்குப் போவதையும் விளையாடப் போவதையும் நிறுத்திவிட்ட பையன்கள் ஏராளம். மகன் வீட்டிலும் சட்டையைக் கழற்ற மறுத்தால் அதைக் கிண்டல் செய்யாதீர்கள். "இந்த வயதில் நிறையப் பேருக்கு இப்படி வரும், போய்விடும்" என்று ஒரு முறை சொல்லுங்கள், போதும்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது, சுய இன்பம் இரண்டும் இந்த வயதில் இயல்பானவை. உடலுக்கு ஒரு தீங்கும் இல்லை. இதை அப்பா சொல்லாவிட்டால் வேறு யாரோ சொல்வார்கள். ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தத்துக்குச் சமம், நரம்பு தளரும், ஞாபக சக்தி போய்விடும், கல்யாணத்துக்குத் தகுதி இருக்காது என்றெல்லாம் சொல்லி, ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்பவர்கள் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். நள்ளிரவுத் தொலைக்காட்சியில் பேசியவர்கள் இப்போது கைபேசித் திரையிலும் பேசுகிறார்கள். அதைக் கேட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லாத பையன் படிப்பு ஓடாமல், தூக்கம் இல்லாமல் போகிறான். விதைகள் விந்தணுக்களைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. தீர்ந்துபோகும் சேமிப்பு எதுவும் அதில் இல்லை. அப்பா சொல்ல வேண்டியது இவ்வளவே: "காலையில் எழும்போது உள்ளாடை ஈரமாக இருந்தால் பயப்படாதே. எனக்கும் அப்படித்தான் இருந்தது. துணியை நீயே அலசிப் போட்டுவிடு, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தனியாக இருக்கும்போது செய்வது தப்பும் இல்லை, நோயும் இல்லை. மற்றவர் முன்னால் கூடாது." உள்ளாடையை அவரவரே துவைப்பது என்பதை வீட்டில் எல்லோருக்கும் பொதுப் பழக்கமாக்கிவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் ஒரே நாளில் பாதிச் சங்கடம் தீரும். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவே இதைச் சொல்லலாம். தயக்கமாக இருந்தால் மாமாவோ சித்தப்பாவோ சொல்லட்டும். ஆனால் அவர் யார் என்பதைப் பையனைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

குளியலறைக் கதவை இனித் தட்ட வேண்டாம். உள்ளே என்ன செய்கிறான் என்ற சந்தேகத்தில்தான் தட்டுகிறீர்கள் என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் ஒரே குளியலறைதான், காலையில் எல்லோருக்கும் அவசரம். ஆகவே ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று அப்பா உட்பட எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள். அது தண்ணீருக்கும் நேரத்துக்குமான விதியாக இருக்கும்வரை அவனும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்வான்.

சிறிய வீட்டில் தனிமைக்கு எங்கே போவது என்று பலரும் கேட்கிறார்கள். தனி அறை தேவையில்லை. குளியலறைக்கு வேலை செய்யும் தாழ்ப்பாள், உடை மாற்றும் மூலைக்கு ஒரு திரை, யாரும் திறக்காத ஒரு டிரங்குப் பெட்டி அல்லது அலமாரித் தட்டு, இவ்வளவு போதும். உடை மாற்றும்போது மற்றவர்கள் அறையை விட்டு வெளியே போய்விடுவது, போக இடம் இல்லாவிட்டால் திரும்பி நின்றுகொள்வது, திரையை விலக்கும் முன் குரல் கொடுப்பது எல்லாம் பெரியவர்களுக்கும் பொருந்தும். "எட்டு வயது வரை நான்தான் குளிப்பாட்டினேன், இப்போது என்ன வெட்கம்?" என்று கேட்காதீர்கள். அண்ணனையும் தங்கையையும் தனித்தனியாகப் படுக்க வைப்பதும் நல்லதுதான். ஆனால் "வயதுக்கு வந்த பிள்ளை பக்கத்தில் படுக்கக் கூடாது" என்று ஒரு நாள் திடீரென்று பாயை இழுத்துப் போட்டால் இருவரும் ஏதோ குற்றம் செய்தவர்கள் போல ஒருவரையொருவர் பார்க்கத் தயங்குவார்கள். "இருவரும் வளர்ந்துவிட்டீர்கள், ஆளுக்கு ஒரு இடம் வேண்டும்" என்று சொல்லிச் செய்யுங்கள்.

கைபேசிக்கு விதிகள் வேண்டும், அவை முன்பே தெரிந்திருக்க வேண்டும். எத்தனை மணி வரை, எந்த இடத்தில், எந்தச் செயலிகள், நீங்கள் எதைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்க மாட்டீர்கள் என்பதெல்லாம். திருட்டுத்தனமாக எடுத்துப் படித்துவிட்டு, உறவினர் முன்னால் அதைச் சொல்லிக் காட்டும் பெற்றோரிடம் பிள்ளை அதன் பிறகு எதையும் சொல்லாது. ஆபாசப் படம் பார்த்திருப்பது தெரிந்தால் கத்துவதற்கு முன் கேளுங்கள்: "எதை நினைத்துத் தேடினாய்? பார்த்ததில் புரியாதது ஏதாவது இருக்கிறதா?" அதில் காட்டுவது நடிப்பு என்பதையும், உண்மையில் இருவருடைய விருப்பமும் மரியாதையும் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் விரட்டினால் அடுத்த கேள்வியையும் அவன் அந்தத் திரையிடமே கேட்பான்.

பிள்ளை தனக்கென்று கதவைச் சாத்திக்கொள்வது வேறு, வேறொருவர் "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்று பிள்ளையின் வாயைச் சாத்துவது வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். "உன் டைரியை நான் படிக்க மாட்டேன். ஆனால் யாராவது உன்னைத் தொட்டுவிட்டோ, படம் அனுப்பச் சொல்லியோ, அதைச் சொல்லாதே என்று மிரட்டினால், அது யாராக இருந்தாலும், மாமாவோ வாத்தியாரோ, உடனே என்னிடம் வா. நான் உன்னைத் திட்ட மாட்டேன்." கடைசி வாக்கியத்தைத் தவறாமல் சொல்லுங்கள், திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் மௌனமாக இருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும், ஆண் பிள்ளைகளையும் சேர்த்தே, பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளையே நேரடியாக இலவசமாக அழைக்கலாம்.

மருத்துவரிடம் எப்போது காட்டுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன், ஆணுக்கு 9 வயதுக்கு முன் மாற்றம் தொடங்கினால். பெண்ணுக்கு 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி இல்லை என்றால், அல்லது 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றால். ஆணுக்கு 14 வயதாகியும் எந்த மாற்றமும் இல்லை என்றால். ரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொருமுறை, இரண்டு மணிக்கொருமுறை நாப்கின் நனைந்தாலோ, வலியால் மாதாமாதம் பள்ளிக்குப் போக முடியாமல் போனாலோ பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டாம்.

மருத்துவரிடம் போவதற்கு முன், வீட்டிலேயே பிள்ளையைக் கேட்டுவிடுங்கள்: யார் கூட வர வேண்டும், மருத்துவரிடம் நீ பேசுகிறாயா, நான் பேசட்டுமா என்று. காத்திருக்கும் வரிசையில் பக்கத்து இருக்கைக்காரர் "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டால் "சும்மா ஒரு பரிசோதனை" என்று முடித்துக்கொள்ளுங்கள். உடலைப் பரிசோதிக்கும் முன் மருத்துவர் பிள்ளையிடம் அனுமதி கேட்க வேண்டும். பிள்ளைக்கு நம்பிக்கையான ஒருவர், அம்மாவோ செவிலியரோ, அப்போது அறையில் இருக்க வேண்டும். பரிசோதனை முடிந்ததும், "ஐந்து நிமிடம் நீ மட்டும் டாக்டரிடம் பேச வேண்டுமா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று வரும் வழியில் துருவ வேண்டாம். பாதுகாப்புக்குத் தேவையானது ஏதாவது இருந்தால், பிள்ளையிடம் சொல்லிவிட்டு மருத்துவரே உங்களை அழைப்பார்.